சிலந்திக் கூட்டில் குடியிருந்த தேன்சிட்டு

என் பிரியமுள்ள மைனிக்கு,

உங்கள் கொழுந்தன் தாணு எழுதுகிறேன். இதை நீங்கள் மட்டும் கேட்கப் போவதில்லை. எங்கள் பறவை பார்க்கும் குழுவின் ஆண்டு மலரில் இது அச்சாகப் போகிறது. தனியாக உங்களிடம் சொல்ல எத்தனையோ நாள் கிடைத்தது. ஒருநாளும் சொல்லவில்லை. இனி நாலு பேர் முன்னால் சொன்னால்தான் எனக்கு உறைக்கும்.

மலருக்காக அவர்கள் கேட்டது ஒரு சாதாரணக் கட்டுரை. நம் தோட்டத்துக்கு வருகிற இரண்டு தேன்சிட்டுகளை எப்படி அடையாளம் பிரிப்பது என்று இரண்டு பக்கம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவனுக்கு இது ஒரு மத்தியான வேலை. மூன்று தடவை உட்கார்ந்தேன். அலகு, நெஞ்சு, பெண் சிட்டின் கண் என்று வரிசையாக எழுதி வருகிறேன், கூடு என்ற இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. ஏனென்றால் அந்தக் கூட்டைப் பற்றி உங்களிடம் ஒரு பொய் சொன்னேன் மைனி. அந்தப் பொய்யை நம்பிக்கொண்டேதான் நீங்கள் போனீர்கள்.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா, அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். அண்ணனுக்குக் கோட்டாற்றில் மளிகைக் கடை. வீடு பூதப்பாண்டிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் வாழை, துணி துவைக்கிற கல், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சை. நான் அடுத்த தெரு. காலையில் முதல் காப்பியை என் வீட்டில் குடித்தாலும் இரண்டாவது காப்பி உங்கள் அடுக்களையில்தான். அதற்கு என் மனைவி எத்தனை தடவை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், உங்களுக்குத் தெரியும்.

அந்த இரண்டாவது காப்பி நேரத்தில்தான் நாம் தேன்சிட்டு பார்க்க ஆரம்பித்தோம். ஆண் சிட்டு இரண்டு இனமும் தூரத்தில் வெறும் கறுப்பு. வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும். ஒன்றுக்கு உடம்பு முழுக்க ஒரே கருமை, அது ஊதாத் தேன்சிட்டு. மற்றதற்கு நெஞ்சின் குறுக்கே இருண்ட சிவப்பில் ஒரு பட்டை இருக்கும், வயிறு கொஞ்சம் பழுப்படித்தாற்போல் இருக்கும். அலகு நீளம், வளைவும் அதிகம். நீள அலகுத் தேன்சிட்டு என்று நான் சொல்லித் தந்தேன்.

"இதுக்க மூக்கு கதிரறுக்க அருவா கணக்கா இருக்கு தம்பி" என்றீர்கள். நான் படம் போட்டு அளவு எழுதி விளக்கியதெல்லாம் பிள்ளைகளுக்கு மறந்துவிடும். இந்த ஒரு வார்த்தையை வகுப்பில் சொன்ன பிறகு ஒரு பிள்ளையும் மறக்கவில்லை. யார் சொன்னது என்று மட்டும் நான் சொல்லவில்லை.

பெண் சிட்டில்தான் என் படிப்பு இடறியது. இரண்டு இனத்திலும் பெண்ணுக்கு முதுகு மங்கிய பச்சை, வயிறு மஞ்சள். வெளியில் பார்த்துப் பிரிக்க முடியாது, கூட வருகிற ஆணை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லி வந்தேன். நீங்கள் உள்ளி உரித்துக்கொண்டு இருந்தீர்கள். "அதென்ன தம்பி, ஆம்பளையை வச்சுதான் பொம்பளை ஆருன்னு சொல்லணுமா? ஒருத்திக்குக் கண்ணுக்கு மேல புருவம் உண்டும். மத்தவளுக்கு இல்ல. நோக்கினா தெரியாதா?"

நான் சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனும் சிரித்தான். மறுநாள் காலையில் உங்களுக்குத் தெரியாமல் பைனாகுலரை எடுத்துக்கொண்டு வாழைக்குப் பின்னால் போய் நின்றேன். ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய ஒரு கோடு ஓடியது. மற்றவளுக்கு இல்லை. நீங்கள் சொன்னது சரி மைனி என்று உள்ளே வந்து சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லிப் பழகியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காதோ என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

சுபாவின் நிச்சயதாம்பூலம் தை மாதத்தில் வந்தது. உங்கள் ஒரே மகள், வீடே தலைகீழாகக் கிடந்தது. வெள்ளையடிப்பு முடிந்து, பின்முற்றத்தில் பந்தலும் சமையலும் என்று முடிவாகி, அந்தப் பொறுப்பை அண்ணன் என் தலையில் வைத்தான். நிச்சயத்துக்கு இரண்டு நாளைக்கு முன்னால் நீங்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னைக் கல்லடிக்குக் கூட்டிப்போனீர்கள்.

அந்த எலுமிச்சையில் பல சிலந்திகள் சேர்ந்து வாழ்கிற ஒரு பெரிய கூடு இருந்தது. சருகும் பூச்சித் தோலும் ஒட்டிக்கொண்டு, அழுக்குப் பஞ்சுமூட்டை போல ஒரு கொம்பையே மூடியிருந்தது.

"தம்பி, இதுக்குள்ள நம்ம நீள மூக்குக்காரி போறதும் வாறதுமா இருக்கா. பந்தல்காரங்ககிட்ட சொல்லிரணும், இதைத் தொடாண்டாம்னு."

"அவ பூச்சி பொறுக்கப் போறா மைனி. சிலந்திக் கூட்டுக்குள்ள எந்தக் குருவியாவது முட்டை போடுமா? தேன்சிட்டுக் கூடுன்னா தொங்கணும். வாசலுக்கு மேல இறவாரம் இருக்கணும், அடியில வால் இருக்கணும்."

"வால் உள்ளது மற்றவளுக்க கூடு. இவ அப்படிக் கட்டமாட்டா. நான் போட்டோ பிடிச்சு உங்களுக்கு அனுப்பியிருக்கேன், பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. ஊதாத் தேன்சிட்டின் கூட்டைத்தான் நான் முப்பது வருஷமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். தொங்குகிற பை, அடியில் சருகும் நாரும் சேர்ந்து ஒரு வால். எல்லாத் தேன்சிட்டுக்கும் அதுதான் கூடு என்று நானே முடிவு கட்டியிருந்தேன். உங்கள் படத்தைப் பார்த்து அதை மாற்றிக்கொள்வதா?

நிச்சயத்துக்கு முந்தின நாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால். பந்தல்காரர் ஒருவர் எலுமிச்சையைப் பார்த்து நின்றார். "சாரே, இந்த ஒட்டறையை எடுத்திரலாமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிட இருக்கிற எடம்." நீங்கள் சொல்லச் சொன்னதை அப்போது நான் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அதற்குப் பதிலாக, "கம்பைக் கொண்டா" என்று வாங்கி நானே அடித்தேன்.

ஒட்டறை விழுகிற மாதிரி அது விழவில்லை. கனத்தோடு விழுந்தது. கிழிந்த இடத்தில் பஞ்சு வைத்து மெத்தையாக்கிய ஒரு சின்ன அறை. அதற்குள் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள். பந்தல்காரர் அதற்குள் கயிறு எடுக்க முன்பக்கம் போய்விட்டார். பார்த்தது நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு நிமிர்ந்தேன், நீங்கள் வந்துவிட்டீர்கள்.

உங்கள் கையில் இலைத்துண்டு, அதில் ஒரு பிடி சோறு. எங்கள் அம்மை செத்த நாளிலிருந்து ஒருநாள் தவறாமல், வீட்டில் யாரும் சாப்பிடுவதற்கு முன்னால், அம்மை பேரைச் சொல்லிக் காக்காவுக்கு நீங்கள் வைக்கிற சோறு. பெற்ற பிள்ளைகள் நாங்கள் மறந்தாலும் நீங்கள் மறந்ததில்லை. எலுமிச்சைக் கொம்பில் அந்தத் தாய்ச்சிட்டு அலகில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு, கூடு இருந்த இடத்துக்கும் பக்கத்துக் கொம்புக்குமாகத் தாவித் தாவிக் கத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, கூடு எங்க?"

"காக்கா வந்து கொத்திக் கிழிச்சுட்டு மைனி. நான் ஓடி வாறதுக்குள்ள குஞ்சுகளைக் கொண்டுபோயிட்டு. மிச்சத்தை நான்தான் அடிச்சு எடுத்தேன்."

அவ்வளவு சரளமாக வந்தது பொய். நான் யோசிக்கக்கூட இல்லை. நீங்கள் கையிலிருந்த சோற்றைப் பார்த்தீர்கள். "நான்லா தெனமும் சோறு போட்டு அதை இந்த முத்தத்துக்குப் பழக்கி வச்சிருக்கேன்" என்றீர்கள். முகம் அப்படியே வாடிப்போனது. அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? "விடுங்க மைனி, அதுக்க இயல்பு அது" என்று ஆறுதல் சொன்னேன். உங்களுக்கு நானே ஆறுதல் சொன்னேன்.

அன்றிலிருந்து நீங்கள் காக்காவுக்குச் சோறு வைக்கவில்லை. அண்ணன் கேட்டதற்கு, "அத்தை பேருக்கு நான் கோயில்ல விளக்குப் போடுகேன்" என்று சொல்லிவிட்டீர்கள். எங்கள் அம்மைக்குப் போய்ச் சேர வேண்டிய சோற்றை நிறுத்தியது நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உங்கள் கையால் காப்பி வாங்கிக் குடித்தேன்.

நிச்சயம் முடிந்து ஆட்கள் போன பிறகு நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்தேன். சிலந்திப் பின்னலுக்கு நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டையில் பெண் சிட்டின் முகம். கண்ணுக்கு மேல் கோடு இல்லை. அலகு உங்கள் அரிவாள்தான். பிறகு பேச்சிப்பாறைக்குக் குழுவாகப் போனபோது அதேபோல் ஒரு சிலந்திக் கூட்டுக்குள் நீள அலகுச் சிட்டு நுழைவதைப் பார்த்தோம். கூட வந்த வங்கிக்காரர் ஒருவர், "இதுக்கு வால் வச்சுக் கூடு கட்டுற வழக்கம் இல்ல சாரே, சில சமயம் இப்படிச் சிலந்திக் கூட்டைக் குடைஞ்சுக்கும்" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன். வெட்கம் கெட்டவன்.

அதற்கு மேலும் உண்டு. உங்கள் படத்தைத்தான் இப்போது எல்லா இடத்திலும் போட்டுக் காட்டுகிறேன். வாலுள்ள கூடு ஒருபக்கம், சிலந்திக் கூடு மறுபக்கம். பிள்ளைகள் ஆச்சரியப்பட்டு, சார் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள். கவனித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோது ஒருநாள் சாயங்காலம் நான் மட்டும் கூட இருந்தேன். "நம்ம நீள மூக்குக்காரி வாறாளா தம்பி?" என்று கேட்டீர்கள். வருகிறாள் என்றேன். "கூடு கட்டினாளா?" என்றீர்கள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நர்ஸ் உள்ளே வந்தார். அதைச் சாக்காக வைத்து எழுந்து வெளியே போய்விட்டேன். நர்ஸ் வராவிட்டாலும் வேறொரு சாக்கு கண்டுபிடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனி நீங்கள் போன பிறகு நடந்தது. உங்கள் ஆண்டுத் திதிக்குச் சுபா மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையும் குழந்தையுமாக வந்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்து, அண்ணன் இலையில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு காக்காவைக் கூப்பிடப் பின்முற்றத்துக்கு இறங்கினான். சுபா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்ப்பா. அம்மா எனக்கிட்ட சொல்லியிருக்கா. எனக்கு வைக்கிற சோத்துக்கு அந்த முத்தத்துல காக்காவைக் கூப்பிடாண்டாம், நான் வளத்த காக்காதான் அந்தக் குஞ்சுகளைத் தின்னுட்டு, எனக்கு அந்தப் பாவம் போதும்னு."

அண்ணன் இலையோடு நின்றான். "காக்கா எடுக்காம அவளுக்கு எப்படி மக்கா போய்ச் சேரும்?" என்று மகளிடம் கேட்டான், சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி. சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்திக்குக் காத்திருந்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுலே. நீ படிச்சவன், காக்கா குருவி எல்லாம் தெரிஞ்சவன்."

மைனி, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்க சொன்னபடியே செய்வோம்ணே" என்று சொன்னேன். இலையைக் கொண்டுபோய்க் குளத்தில் மீனுக்குப் போட்டோம்.

அன்றிலிருந்து அண்ணன் மத்தியானம் சாப்பிடுவதில்லை. கடையில் தண்ணீர் குடித்துவிட்டு இருந்துகொள்கிறான். கேட்டால், "அவளுக்குப் போகாத சோறு எனக்கு எதுக்குலே" என்கிறான். போன வாரம் சுபா கூப்பிட்டாள். "சித்தப்பா, வீடியோவுல அப்பாக்க கழுத்தெலும்பு தெரியுது. நீங்க சொன்னாதான் கேப்பா. ஏதாவது சொல்லுங்களேன்." நான் சொன்னால் கேட்பானாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். நின்றுகொண்டே சொன்னேன். கம்பு, சிலந்திக் கூடு, காக்கா மேல் பழி போட்டது எல்லாம். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எலுமிச்சைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அவகிட்ட சொன்னியாலே?"

"இல்லண்ணே."

"பெறகு எனக்கிட்ட எதுக்குச் சொல்லுக? அவகிட்ட சொல்லு. சொல்லிட்டு வா, சோறு வைப்போம்."

அதனால்தான் இந்தக் கடிதம். நான்கு நாள் எழுதினேன். உங்கள் பேச்சு இதில் இருப்பதால் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இன்று காலை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தான். அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது, அவனே வைத்திருக்கிறான். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு விட்டிருக்க" என்றான்.

"என்னதுண்ணே?"

"எல்லாத்தையும் அப்புறப்படுத்தினேன்னு எழுதியிருக்க. அவ கேட்டா அங்கதான் நிறுத்துவா. குஞ்சு ரெண்டையும் எங்க போட்டன்னு கேப்பா."

ஆமாம், கேட்பீர்கள். அவனுடைய பேனாவை வாங்கி இங்கேயே உட்கார்ந்து மிச்சத்தையும் எழுதுகிறேன்.

ஒரு குஞ்சு விழுந்ததும் செத்துவிட்டது. மற்றது சாகவில்லை மைனி. என் உள்ளங்கையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அணில்குட்டியையும் மைனாக்குஞ்சையும் எடுத்து வைத்துப் பிழைக்க வைத்தவர் நீங்கள். உங்கள் கையில் கொடுத்திருந்தால் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பஞ்சு வைத்து அதே கொம்பில் கட்டியிருப்பீர்கள், தாய் பூச்சியோடு அங்கேதான் நின்றது. அடுக்களைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டையும் வாழைமூட்டில் குப்பைக்குழியில் போட்டுச் சருகை இழுத்து மூடிவிட்டு, அதை மறைத்து நின்றுகொண்டேன். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் உங்களையே நொந்துகொண்டிருந்தபோது, அது என் காலுக்குப் பின்னால் உயிரோடு இருந்தது.

மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை. இனிமேல் இந்த இரண்டு சிட்டுகளைப் பற்றி எங்கே பேசினாலும், அரிவாள் மூக்கும், புருவமும், வாலில்லாத கூடும் நீங்கள் கண்டது என்று சொல்லித்தான் தொடங்குவேன். அந்தக் கூட்டை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லித்தான் முடிப்பேன். சோறு வடித்தாகிவிட்டது. முதல் பிடியை அம்மைக்கும் உங்களுக்குமாக என் கையால் முற்றத்தில் வைத்து, காக்கா எடுக்கும்வரை வெயிலில் நிற்பேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் இலையில் உட்காருவான்.

உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன,
உங்கள் கொழுந்தன்
தாணு